நிலம் கேட்டோம், பள்ளி கேட்டோம்; அழ ஓர் இடமும் கேட்போம்



ஜெலுத்தோங் என்றதும் நாட்டு மக்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு குரல். 1978 முதல் 1999 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கர்பால் சிங்கை 'ஜெலுத்தோங் புலி' என்றுதான் நாடே அழைத்தது. யாருக்கும் அஞ்சாமல் பேசிய மனிதர். அந்தப் பெயரைச் சொல்லி நாங்கள் இன்றும் பெருமைப்படுகிறோம்.

ஆனால் அதே ஜெலுத்தோங்கில், எங்கள் அடுக்குமாடியில், கதவைச் சாத்திவிட்டால் ஒரு வீட்டின் அழுகை அடுத்த வீட்டுக்குக் கேட்பதில்லை. கேட்டாலும் கேட்காதது போல இருந்துவிடுகிறோம். "அவங்க வீட்டு விஷயம், நமக்கு எதுக்கு?" என்று தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம். புலி பேசிய ஊரில் நம் வீடுகள் ஊமையாக இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் புளோக்கில் ஓர் இளைஞன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். இருபத்து நான்கு வயது. "மாரடைப்பு" என்று சொல்லித்தான் எல்லாரும் மாலை வாங்கிக்கொண்டு போனோம். அவனுடைய அப்பா லாரி ஓட்டுநர். அன்று அவர் அழவில்லை. காரியம் முடிந்து மூன்றாம் நாளே லாரியை எடுத்துவிட்டார். "கல் நெஞ்சுக்காரன்" என்று பேசினோம். நானும் பேசினேன், மறைக்கவில்லை.

அடுத்த தைப்பூசத்துக்கு எங்கள் பிளாட் இளைஞர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். முதல் நாள் இரவு கீழ்த்தளத்தில் உட்கார்ந்து எல்லாரும் அலங்கார வேலை செய்தோம். அந்த அண்ணனும் வந்து உட்கார்ந்தார். வண்ணத் தாளை மடித்து, வெட்டி, பூவாக்கிக்கொண்டிருந்தார். மணி ஒன்று இருக்கும். தாளைப் பார்த்தபடியே, யாரையும் பார்க்காமல், "இதெல்லாம் அவன்தான் நல்லா செய்வான்" என்றார். பிறகு அவருடைய கை நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. விடியும் வரை பேசினார். மகன் வேலை தேடி அலைந்தது, கடன் கொடுத்தவர்கள் வீட்டு வாசலில் சாயம் ஊற்றியது, தான் அவனைத் திட்டிய கடைசி வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னார். சுற்றியிருந்த எட்டுப் பேரும் பூ செய்துகொண்டே கேட்டோம். மூன்று பேர் அழுதோம். காலையில் பந்தலில் தொங்கிய பூக்களைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் அலங்காரம். எங்களுக்கு அப்படி இல்லை.

அந்த இரவுதான் இந்தக் கட்டுரையை எழுத வைக்கிறது. கவுன்சலர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தால் அந்த மனிதர் வாயே திறந்திருக்க மாட்டார். கைக்கு வேலை இருந்தது, கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, பக்கத்தில் தன்னைப் போன்ற உழைப்பாளிகள் இருந்தார்கள். அதனால் மனம் திறந்தது. மக்கள் கூடிச் செய்யும் கலைப் பட்டறை என்பதன் சூட்சுமம் இவ்வளவுதான்.

ஒப்பாரி தெரிந்த இனம் நாம்

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புது மருந்து என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒப்பாரி என்பது என்ன? துக்க வீட்டில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்காருகிறார்கள். ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்கிறாள், மற்றவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். செத்தவரைப் பாடத் தொடங்கி, தன் புருஷன் அடித்ததையும், அண்ணன் சீர் செய்யாததையும், கங்காணி ஏசியதையும் சேர்த்தே பாடிவிடுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவளை யாரும் தடுக்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்கு அது மேடை, அது நீதிமன்றம், அதுவே மருத்துவமனை.

1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர்கள் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். பெரும் எண்ணிக்கையில் மடிந்தார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. நம் பாட்டிகள் அந்தத் துயரத்தை எங்கே வைத்தார்கள்? பாட்டில்தான் வைத்தார்கள். அரசாங்கப் புத்தகத்தில் இடமில்லாதவர்களுக்குத் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் இடம் இருந்தது.

தோட்டத்தில் லயத்து வீடு இருந்தது. வாசலில் உட்கார்ந்தால் நாலு பேர் வருவார்கள். ஆயாக் கொட்டகை, கோவில் திருவிழா, கூத்து, கும்மி, கோலம் என்று எல்லாமே கூடிச் செய்கிற காரியங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டமாகவும் கோல்ப் திடலாகவும் மாறியபோது நாம் இழந்தது வேலையும் வீடும் மட்டும்தானா? கூடி அழுகிற இடத்தையும் இழந்தோம். அந்த இழப்பை எந்த மகஜரிலும் நாம் எழுதவில்லை.

இங்கே பக்கத்தில், குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். மாடும் ஆடும் வளர்த்து, பரம்பரை பரம்பரையாகத் தமிழர்கள் வாழ்ந்த கிராமம். நகரத்து நடுவில் இப்படி ஒரு கிராமமா என்று வியந்து 'ஹை சப்பரால்' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 2009-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றோம். அதே ஆண்டு இயந்திரங்கள் வந்து வீடுகளை இடித்தன. அப்போது நிலப் பட்டாவைப் பற்றிப் பேசினோம், இழப்பீட்டைப் பற்றிப் பேசினோம், எந்தக் கட்சி காட்டிக்கொடுத்தது என்று இன்று வரை பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் தன் வீட்டுச் சுவர் விழுவதைப் பள்ளிச் சீருடையில் நின்று பார்த்த ஒரு பிள்ளையிடம், "உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்க நம்மிடம் ஓர் ஏற்பாடு இருந்ததா? அந்தப் பிள்ளைகள் இன்று இருபது வயதைத் தாண்டியவர்கள். அந்த நாளை அவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள்?

இது உரிமைப் பிரச்சினையா?

"போராட்ட ஏட்டில் படம் வரைவதைப் பற்றி எழுதுகிறானே" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களுக்குச் சில செய்திகள்.

நாட்டின் தேசியத் தற்கொலைப் பதிவேடு 2009-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கையில், மக்கள்தொகை விகிதப்படி தற்கொலை அதிகமாக இருந்தது மலேசிய இந்தியர்களிடையேதான். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களுக்கு நம் நாட்டுச் சட்டம் பல காலம் என்ன கொடுத்தது தெரியுமா? ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம். தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல்தான் நீக்கப்பட்டது. அது வரைக்கும், சாகத் துணிந்தவனை மருத்துவமனைக்குக் கொண்டு போனால் போலீசும் வரும் என்று பயந்து, வீட்டிலேயே மூடி மறைத்த குடும்பங்கள் எத்தனை! சட்டம் போய்விட்டது. பயமும் வெட்கமும் போகவில்லை. அதனால்தான் இன்னமும் "மாரடைப்பு" என்கிறோம்.

2009 ஜனவரியில் போலீஸ் காவலில் இறந்த 22 வயது ஏ. குகன் வழக்கை நாம் மறக்கவில்லை. அது போன்ற ஒவ்வொரு செய்தி வரும்போதும், அந்த வயதில் பிள்ளை வைத்திருக்கிற ஒவ்வொரு தமிழ்த் தாயின் வயிற்றிலும் ஒரு பயம் வந்து உட்காருகிறது. மகன் இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்பாவிட்டால் அவள் தூங்குவதில்லை. அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்? அவளுடைய தலைவிதியா? ஒரு சமுதாயத்தை ஓரங்கட்டியவர்கள், அந்தச் சமுதாயத்தின் மனதுக்குள்ளும் காயம் செய்துவிட்டார்கள். நிலத்தைப் பறித்தால் வழக்குப் போடுகிறோம். நிம்மதியைப் பறித்தால் விதி என்கிறோம்.

நம் வீட்டு ஆண்களைப் பாருங்கள். அவர்களுக்குக் காட்டத் தெரிந்த உணர்ச்சி கோபம் ஒன்றுதான். பயம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும், அவமானம் வந்தாலும் கோபம்தான், பிள்ளை மேல் பாசம் வந்தால்கூட அதட்டல்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மேலாளர் திட்டியதை அங்கே சொல்ல முடியாது. இரவு ஷிப்ட் முடிந்து பஸ்சில் வருகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு, வீட்டில் வந்து கொட்டுகிறோம். மனைவி அதைப் பிள்ளை மேல் கொட்டுகிறாள். பிள்ளை தெருவுக்குப் போகிறது, தெருவில் அதை வாங்கிக்கொள்ளக் குண்டர் கும்பல் காத்திருக்கிறது. நான் சொல்வதில் தவறு இருந்தால் திருத்துங்கள்.

நம் இயக்கமே ஒருமுறை உணர்ச்சியின் மொழியில் பேசிக் காட்டியது. 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு, டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். 2008 பிப்ரவரி 16 அன்று மக்கள் பிரதமரிடம் கொடுப்பதற்காக ரோஜாப் பூக்களை ஏந்திக் கோலாலம்பூரில் கூடினார்கள். பூவுக்குப் பதிலாகக் கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் கிடைத்தன. பத்துப் பக்க அறிக்கை சொல்லாததை அந்த ரோஜா சொன்னது. கலைக்கு அந்த வலிமை உண்டு என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை வீதிக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, வீட்டுக்கும் பிளாட்டுக்கும் கொண்டுவர மறந்துவிட்டோம்.

மட்டக்களப்பில் ஒரு பூங்கா

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டிய இடம் இலங்கையின் மட்டக்களப்பு. 1996-இல் போர் நடந்துகொண்டிருந்தபோதே அங்கே 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' தொடங்கப்பட்டது. இயேசு சபைப் பாதிரியாரும் உளவளத் துணையாளருமான பால் சற்குணநாயகம் அடிகளாரும், கனடாவைச் சேர்ந்த கலைஞர் பால் ஹோகனும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து உருவாக்கியது அது. போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளும், கண்ணெதிரே சாவைப் பார்த்த பிள்ளைகளும் கிராமங்களிலிருந்து அங்கே வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்தே வந்தார்கள். இரு சமூகத்துக்கும் இடையில் இரத்தம் ஓடியிருந்த காலம் அது.

அங்கே "உனக்கு என்ன நடந்தது, சொல்" என்று யாரும் பிள்ளையைக் குடையவில்லை. களிமண் கொடுத்தார்கள், வண்ணம் கொடுத்தார்கள். மரமும் செடியும் விலங்குகளும் இருந்தன. கதை கட்டினார்கள், பாடினார்கள், சேர்ந்து நாடகம் போட்டார்கள். பிள்ளை தன் காயத்தைத் தானாக, தனக்குப் பிடித்த வேகத்தில், ஒரு பொம்மையாகவோ அரக்கன் கதையாகவோ வெளியே வைத்தது. பக்கத்தில் இருந்த முஸ்லிம் பிள்ளையின் கதையிலும் அதே அரக்கன் இருந்தால், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்று புரியும்: எனக்கு மட்டும் இல்லை.

அந்தப் பூங்கா போரை நிறுத்தவில்லை. 2009 வரை போர் நடந்தது, முடிந்த விதமும் நமக்குத் தெரியும். போரை நிறுத்துவது அதன் வேலையும் இல்லை. போருக்கு நடுவிலும் ஒரு பிள்ளை பிள்ளையாகவே இருக்கலாம் என்று ஓர் இடத்தை அது காத்து நின்றது. குண்டு விழுந்த ஊரிலேயே இது முடிந்தது என்றால், ஜெலுத்தோங்கில் முடியாதா?

சாக்குத் துணியில் ஒரு சாட்சி

பெரியவர்களுக்கு இது ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்குத் தென் அமெரிக்காவின் சிலி நாட்டைச் சொல்கிறேன். 1973 செப்டம்பர் 11 அன்று பினோசே என்ற இராணுவத் தளபதி ஆட்சியைக் கவிழ்த்தார். பல ஆயிரம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். கணவனையும் மகனையும் தேடிச் சிறைவாசலுக்கும் பிணவறைக்கும் நடந்த ஏழைப் பெண்களுக்குத் தேவாலயம் ஒரு கூடத்தைத் திறந்துவிட்டது. அங்கே அவர்கள் சாக்குத் துணியை விரித்து, அதன் மேல் கந்தல் துணிகளை வெட்டித் தைத்துப் படம் செய்தார்கள். சில நேரம், காணாமல் போனவருடைய சட்டையிலிருந்தே துண்டு வெட்டித் தைத்தார்கள்.

ஒருத்தி தன் வீட்டுக் காலி நாற்காலியைத் தைத்தாள். இன்னொருத்தி தண்ணீர்க் குழாயடி வரிசையை, மற்றொருத்தி பிள்ளைகள் கஞ்சிக்கு நிற்கும் பொதுச் சமையல் கூடத்தைத் தைத்தார்கள். அந்தத் துணிகள் தேவாலயத்தின் மூலம் வெளிநாடுகளுக்குப் போயின, விற்ற காசு அந்தப் பெண்களின் அடுப்பை எரித்தது. அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுத முடியாததை உலகம் அந்தக் கந்தல் துணிகளில் படித்தது. கண்ணீரைத் துடைக்க எடுத்த துணியே கடைசியில் சாட்சியாகவும் நின்றது.

இதில் நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. தனியாக இருந்து அழுதால் அது என் தலையெழுத்து. பத்துப் பேர் ஒரே துணியில் தைத்துப் பார்த்தால், பத்துப் பேருக்கும் அடித்த கை ஒன்றுதான் என்று தெரிந்துவிடும். வெட்கம் அங்கேதான் உடைகிறது. உரிமைக் குரலும் அங்கேதான் பிறக்கிறது.

நம் நாட்டிலேயே சபாவின் ரானாவ் வட்டாரத்தில் 2010-இல் 'பங்ரோக் சுலாப்' என்ற குழு தொடங்கியது. பலகையில் செதுக்கி, மை தடவி, அதன் மேல் துணியை விரித்து, ஊர் மக்களே ஏறி மிதித்து ஆடி அச்செடுப்பார்கள். விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் கிடையாது, மனிதக் கால்கள்தான் இயந்திரம். 'வாங்காதே, நீயே செய்' என்பது அவர்களுடைய முழக்கம். 2017-இல் கோலாலம்பூர்க் கண்காட்சி ஒன்றிலிருந்து அவர்களுடைய சபாவைப் பற்றிய பெரிய அச்சுப் படம் அகற்றப்பட்டது. வெறும் பொழுதுபோக்கு என்றால் எதற்காக அதை எடுக்க வேண்டும்?

சுவர் யாருடையது?

பினாங்கில் கலைக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். ஜோர்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரிய நகரமானது. 2012-இல் லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சகாரெவிச், ஆர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். அன்றிலிருந்து சுற்றுப்பயணிகள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். அழகான ஓவியம்தான், குறை சொல்லவில்லை. சுற்றுலாவால் நம்மவர்கள் சிலருக்கும் பிழைப்பு நடக்கிறது.

ஆனால் அந்தச் சுவர்கள் வருகிறவர்களுக்காக. இங்கே இருக்கிறவர்கள் தங்கள் கதையைத் தாங்களே வைக்க ஒரு சுவர் வேண்டாமா? இதற்கும் பினாங்கில் முன்மாதிரி இருக்கிறது. அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஜேனட் பிள்ளை, 2000-களின் தொடக்கத்திலிருந்து 'அனாக்-அனாக் கோத்தா' திட்டத்தின் வழியாக நகரத்துப் பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தெருக்களுக்கே அழைத்துப் போனார். பிள்ளைகள் முதியவர்களிடமும் கைத்தொழிலாளர்களிடமும் பேட்டி எடுத்து, கேட்டதை நாடகமாகவும் படைப்பாகவும் செய்தார்கள். பழைய நகரத்துக்கு இது கிடைத்தது. அடுக்குமாடிக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: இது சோறு போடுமா? போடாது. சம்பளம் கூடாது, வாடகை குறையாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் வீடுகளில் சம்சுவுக்கும், சண்டையில் உடைந்த கைப்பேசிக்கும், கோபத்தில் விட்ட வேலைக்கும் போகிற காசு எவ்வளவு? அடக்கி வைத்த துக்கம் இலவசமாக இருப்பதில்லை. அதற்கும் நாம் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டாவது: வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வதா? வேண்டாம். யாரும் எதையும் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. படத்துக்கு அர்த்தம் கேட்கக் கூடாது என்பதே முதல் விதியாக இருக்கட்டும். கறுப்பு வண்ணத்தை மட்டும் பூசிவிட்டு எழுந்து போகிற உரிமையும் அங்கே இருக்க வேண்டும். அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும். கோப்பிக் கடைக்குப் போகக் கூடாது.

மூன்றாவது கேள்விதான் கடுமையானது. நியாயம் கேட்கிற மக்களின் கையில் வண்ணப் பென்சிலைக் கொடுத்து அமைதிப்படுத்தும் தந்திரமா இது? இந்தச் சந்தேகம் நியாயமானது. அரசாங்கம் வேலையும் வீடும் தராமல், "மனதைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று வகுப்பு நடத்தினால் அதை நானே எதிர்ப்பேன். ஆகவே யார் நடத்துகிறார்கள் என்பதுதான் முக்கியம். பட்டறை மக்களுடைய கையில் இருக்க வேண்டும். அங்கே வெளியே வருகிற வலியைக் கேட்டு, அடுத்த மகஜரில் எழுத வேண்டிய வரிகளை நம் இயக்கத்தினர் கற்றுக்கொள்ள வேண்டும். 2022 ஏப்ரலில் ஜெலுத்தோங் குப்பைமேடு தீப்பிடித்துப் புகை சூழ்ந்ததே, அந்த நாட்களைப் பிள்ளைகள் வரைந்தால் அந்தப் படம் மனதுக்கு ஆறுதலாகவும் இருக்கும், மாநகர் மன்றத்துக்குக் கொடுக்கிற புகாராகவும் இருக்கும். இரண்டையும் பிரிக்கத் தேவையில்லை.

எப்படிச் செய்யலாம்?

பெரிய செலவு வேண்டாம். பிளாட்டின் கீழ்த்தளமோ கோவில் மண்டபமோ போதும். மாஜோங் தாள், வண்ணம், பசை, ஊசி நூல், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பழைய துணி. கிழிந்த கைலி, தொழிற்சாலைச் சீருடை, பாட்டியின் சேலை, சின்னதாகிவிட்ட பள்ளிச் சட்டை என்று எதுவானாலும் சரி. ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம், தொடர்ந்து பத்து வாரம். ஒருநாள் விழாவாக நடத்திவிட்டுக் கலைந்தால் பயன் இல்லை. நம்பிக்கை வளர நாளாகும்.

முதல் வாரம் எல்லாரும் தாங்கள் பிறந்த வீட்டை வரையட்டும். தாத்தா பாட்டி லயத்து வீட்டையும், பிரட்டுக்களத்தையும், பால் மங்கையும் வரைவார்கள். பேரப்பிள்ளை மின்தூக்கியை வரையும். இரண்டையும் ஒரே தாளில் ஒட்டிப் பார்ப்போம். நடுவில் இருக்கிற பாதையை யார் வரைவது? அப்பாவும் அம்மாவும்தான். அந்தப் பாதையில்தான் நம் கதை முழுவதும் இருக்கிறது. அதன் பிறகு வீடு வீடாகக் கொண்டு வந்த துணிகளைச் சேர்த்து ஒரே படுதாவாகத் தைக்கலாம். முடிவில் அதைத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலேயே கட்டலாம்.

சில விஷயங்களில் மட்டும் உறுதியாக இருப்போம். போட்டி வேண்டாம். நம் சங்கங்களுக்குக் கலை என்றாலே வண்ணம் தீட்டும் போட்டிதான். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு! துக்கத்துக்கு மதிப்பெண் போட முடியுமா? பிரமுகர்கள் வேண்டாம். யாரோ ஒரு மாண்புமிகு வந்து, மாதிரிக் காசோலையைப் பிடித்துக்கொண்டு, அழுகிற பிள்ளையோடு படம் எடுத்துக்கொண்டு போவதற்கு இது இடம் இல்லை. பெண்களையும் பிள்ளைகளையும் மட்டும் அனுப்பிவிட்டு ஆண்கள் மோட்டார் சைக்கிளில் காத்திருப்பதும் வேண்டாம். அவர்களுக்குத்தான் இது முதலில் தேவை. வேர் பிடித்த பிறகு, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியையும் மலாய் அக்காவையும் அழைப்போம். மட்டக்களப்பு பிள்ளைகள் நமக்கு அதையும் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பட்டறை மருத்துவம் ஆகாது. வீட்டில் அடி உதை, பிள்ளைக்குத் தவறான தொடுதல், சாகும் எண்ணம் என்று தெரியவந்தால் அதைத் தாளோடு மடித்து வைக்கக் கூடாது. நடத்துகிறவர்களில் ஒருவராவது பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். வீட்டு வன்முறைக்கும் பிள்ளைகள் பாதுகாப்புக்கும் தாலியான் காசே 15999, மன உளைச்சலுக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் 15555 ஆகிய எண்கள் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கட்டும். நீங்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கும்போதே உங்களுக்கு அந்த எண் தேவைப்பட்டால், வெட்கப்படாமல் இன்றே கூப்பிடுங்கள்.

அந்த லாரி ஓட்டுநர் அண்ணன் இன்னமும் எங்கள் பிளாட்டில்தான் இருக்கிறார். அந்த இரவோடு அவருடைய துக்கம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது யாராவது கேட்டால் அவர் "மாரடைப்பு" என்று சொல்வதில்லை. மகனுடைய பெயரைச் சொல்கிறார், நடந்ததைச் சொல்கிறார், "உங்க பிள்ளையைத் திட்டாம ஒரு தடவ கேட்டுப் பாருங்க" என்கிறார். ஒவ்வொரு ஆண்டும் பந்தலுக்குப் பூ செய்ய அவர்தான் முதல் ஆளாகக் கீழே இறங்கி வருகிறார்.

ஓராண்டுக்கு ஓரிரவு மட்டும் போதாது, தோழர்களே. நிலம் கேட்டோம், பள்ளி கேட்டோம், அடையாள அட்டை கேட்டோம். இனியும் கேட்போம். அதோடு, உழைத்துக் களைத்த நம் மக்கள் கூடி உட்கார்ந்து, கை வேலையோடு மனதை இறக்கி வைக்க ஓர் இடத்தையும் கேட்போம். யாரும் தராவிட்டால் நாமே பாயை விரிப்போம். கீழ்த்தளம் நம்முடையதுதானே!

சிந்திப்போம். செயல்படுவோம்.

அன்புடன்,
ஜெலுத்தோங் அடுக்குமாடிவாசி ஒருவன்